ஆயிரத்தில் ஒரு காசு: உங்கள் பெட்டியிலிருந்து அதை எடுப்பது எப்படி

என் தங்கையின் பேரன் ஒரு மழை நாளில் என் காசுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: "தாத்தா, இதுல ஒண்ணே ஒண்ணுதான் வெச்சுக்கலாம்னா எதை வெச்சுப்பீங்க?"

பெட்டியில் அப்போது 1,400 காசுகள் இருந்தன. என் கை தானாகவே ஒரு பெரிய வெள்ளிக் காசுக்குப் போனது. "ஏன் இது?" என்றான். "வெள்ளி" என்றேன். "அப்புறம்?" "பெரிசு." பையன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் துழாவிவிட்டு வேறொன்றை எடுத்தேன். நடுவில் ஓட்டை உள்ள வெண்கலக் காசு. பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவின் 10 சென்ட், 1936. ஒரு பக்கம் ஓட்டையின் இருபுறமும் யானைத் தந்தங்கள். மறுபக்கம் ஒரு கிரீடமும் எட்டாம் எட்வர்டின் பெயரும். இந்த அரசர் 1936 ஜனவரியில் பட்டத்துக்கு வந்து அதே ஆண்டு டிசம்பரில் பட்டத்தைத் துறந்தவர். அவர் முகம் போட்ட காசு எதுவும் பிரிட்டனில் புழக்கத்துக்கு வரவே இல்லை. ஓட்டைக் காசில் முகத்துக்கு இடம் கிடையாது, பெயர் மட்டும் போதும். அதனால் இவை மட்டும் முந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டன.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரிட்டிஷ் காசுகளில் ஓர் அரசர் இடப்பக்கம் பார்த்தால் அடுத்தவர் வலப்பக்கம் பார்ப்பார், அது பழைய வழக்கம். எட்வர்ட் தானும் அப்பாவைப் போல இடப்பக்கமே பார்ப்பேன் என்று அடம்பிடித்தார். அவருக்குப் பின் வந்த ஆறாம் ஜார்ஜின் காசுகளில், எட்வர்ட் முறைப்படி வலப்பக்கம் பார்த்துவிட்டதாகவே பாவித்து, ஜார்ஜை இடப்பக்கம் பார்க்க வைத்தார்கள். வராத காசுக்கும் வரிசையில் ஓர் இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பையன் அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டான். லட்சக்கணக்கில் அடித்த காசு அது, அபூர்வம் ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளிக் காசு செய்யாததை அது செய்துவிட்டது. ஒரு சேகரிப்பில் எந்தக் காசு தனித்து நிற்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் முறையாக யோசிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

விளக்கை ஒரு பக்கம் வையுங்கள்

நான் 31 வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். அச்சு என்ற சொல் இரண்டு தொழிலுக்கும் பொது. அங்கே ஈய எழுத்து தாளில் மையை விட்டுப்போகும். நாணயசாலையில் எஃகு அச்சு உலோகத் தட்டில் உருவத்தை விட்டுப்போகும். அதனாலோ என்னவோ, நான் காசைப் பார்ப்பதும் புரூஃப் பார்ப்பது மாதிரிதான்.

மேசையில் மடித்த துணி ஒன்றை விரியுங்கள். காசு தவறி விழுந்தால் அது துணியில் விழ வேண்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். முகத்தில் கட்டை விரலை வைத்தால் அந்த ரேகை சில மாதங்களில் பழுப்பாகக் காசிலேயே தங்கிவிடும். காசின் மேல் குனிந்து பேசவும் கூடாது, எச்சில் துளியும் கறை வைக்கும்.

தலைக்கு மேல் எரியும் குழல் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மேசை விளக்கை மட்டும் பக்கவாட்டில் வையுங்கள். காசை அந்த ஒளியில் மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். தேயாத காசாக இருந்தால் ஒளி சக்கரத்தின் ஆரக்கால் போலப் பரப்பில் சுற்றி வரும். அச்சு அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வழிந்து ஓடும். அப்படி ஓடிய மிக நுண்ணிய கோடுகளில் பட்டுத்தான் ஒளி அப்படிச் சுற்றுகிறது. இதை நான் பொலிவு என்பேன். பளபளப்பு வேறு, பொலிவு வேறு. தேய்த்துப் பளபளப்பை வரவழைக்கலாம். பொலிவு போனால் போனதுதான்.

முதலில் வெறும் கண், அப்புறம் 5 மடங்கு லென்ஸ், கடைசியாக 10 மடங்கு. எடுத்த எடுப்பில் 10 மடங்குக்குப் போனால் கீறல்தான் தெரியும், காசு தெரியாது.

புதிதாகச் சேகரிப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உருவத்தில் முடி, காது, புருவம் மழுங்கி இருந்தால் உடனே "தேய்ந்த காசு" என்று ஒதுக்கிவிடுவார்கள். அச்சகத்தில் தேய்ந்த எழுத்து ஒன்று, சரியாக அழுந்தாத எழுத்து இன்னொன்று. இரண்டும் தாளில் மங்கலாகத்தான் விழும். காசிலும் அப்படித்தான். புழக்கத்தில் தேய்ந்திருந்தால் மேடான இடங்களின் நிறம் மட்டும் மாறி, அங்கே ஒளி சுற்றாமல் செத்துப்போயிருக்கும். அச்சு சரியாக அழுந்தாமல் மழுங்கியிருந்தால் மேட்டிலும் பள்ளத்திலும் நிறம் ஒன்றாக இருக்கும், ஒளி தடையில்லாமல் ஓடும். இரண்டாவது வகைக் காசு கைபடாத காசு. அதைப் போய்த் தேய்ந்தது என்று நானே ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

காசின் நிலையைக் குறிக்கும் தர எண்களைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. 1 முதல் 70 வரை போகும் அளவுகோலை 1949ல் அமெரிக்கப் பழைய சென்ட்களுக்காக வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். அவர் மனித உடல்வாகை வகை பிரித்துப் பெயர் வாங்கிய உளவியலாளர் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். விற்கவும் வாங்கவும் அந்த எண் தேவை. எந்தக் காசு உங்கள் பெட்டியில் தனித்து நிற்கிறது என்று அது சொல்லாது.

மூன்று வரிச் சீட்டு

இது என் சொந்த ஏற்பாடு. தனித்து நிற்கும் என்று நீங்கள் நினைக்கும் காசுகளை ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். இருபதுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சீட்டில் மூன்று வரி எழுதுங்கள். இரண்டு நிபந்தனைகள். விலை, அபூர்வம், பழமை என்ற மூன்று சொற்களும் வரக்கூடாது. எழுதும் மூன்று வரிகளில் குறைந்தது இரண்டு, காசிலேயே கண்ணால் காட்டக்கூடியவையாக இருக்க வேண்டும்.

என் பெரிய வெள்ளிக் காசு இந்தச் சீட்டில் முதல் தடவை தோற்றது. மூன்றாவது வரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது மரியா தெரேசா தாலர், ஆண்டு 1780. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். அந்த ஆஸ்திரிய அரசி இறந்தது 1780ல். ஆனால் அவர் முகத்தோடும் அதே ஆண்டோடும் அந்தக் காசை அடிப்பது நிற்கவே இல்லை. செங்கடலைச் சுற்றிய நாடுகளில் வணிகர்கள் அந்தக் காசைத்தான் நம்பினார்கள். அதனால் வியன்னாவில் மட்டுமல்ல, லண்டன், பம்பாய் உட்படப் பல ஊர் நாணயசாலைகளில் 20ஆம் நூற்றாண்டிலும் அடித்தார்கள். என் கையில் இருப்பது எந்த ஆண்டு பிறந்தது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அத்தனை கூர்மையாக ஆண்டு போட்டிருந்தும் அந்த ஆண்டைத்தான் நம்பக்கூடாது. இப்போது அந்தச் சீட்டில் ஐந்து வரி இருக்கிறது.

ஆக, சீட்டில் தோற்ற காசை உடனே தட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். தோற்றது காசா, நாமா என்று ஒரு வாரம் படித்துப் பாருங்கள்.

அபூர்வம் என்ற சொல்லை ஏன் தடுத்தேன் என்றால், அந்தச் சொல்லுக்கு அடியில் ஒரு குழப்பம் இருக்கிறது. எத்தனை அடித்தார்கள் என்பது ஒரு கணக்கு, எத்தனை மிஞ்சியது என்பது வேறு கணக்கு. 1933ஆம் ஆண்டின் அமெரிக்க 20 டாலர் தங்கக் காசு 445,500 அடிக்கப்பட்டது. தங்கக் காசு புழக்கத்தை அரசு நிறுத்திவிட்டதால் ஒரு சிலவற்றைத் தவிர எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். 1909ல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த லிங்கன் சென்ட்டில், செதுக்கிய விக்டர் டேவிட் பிரென்னரின் வி.டி.பி. என்ற முதலெழுத்துகள் உள்ளவை 484,000. கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான். ஆனால் இது இன்றும் சேகரிப்பாளர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அந்த மூன்று எழுத்துகளை லென்ஸில் தேடுவது நல்ல பயிற்சி. அவை பெரிதாகத் துருத்திக்கொண்டிருக்கின்றன என்று எழுந்த கூச்சலில் சில நாட்களிலேயே நீக்கிவிட்டார்கள். 1918ல் திரும்ப வந்தபோது லிங்கனின் தோளோரத்தில் ஒண்டிக்கொண்டன. பிழை திருத்துபவனுக்கு இந்த மாதிரி விவகாரம் கரும்பு தின்னக் கூலி.

பிழை: இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் எடுப்பேன்

பிழையுள்ள காசு சட்டென்று தனித்து நிற்கும். அதில் மறுப்பில்லை. ஆனால் பிழையிலும் நல்ல பிழை, சும்மா பிழை என்று உண்டு.

எனக்குப் பிடித்தது பிரிட்டனின் ஆண்டில்லாத 20 பென்ஸ். 2008ல் அந்த நாட்டுக் காசுகளின் வடிவமைப்பை மாற்றினார்கள். பழைய 20 பென்ஸில் ஆண்டு பூப்பக்கம் இருந்தது; புதியதில் ஆண்டை அரசி முகம் இருக்கும் தலைப்பக்கத்துக்கு மாற்றினார்கள். யாரோ பழைய தலைப்பக்க அச்சையும் புதிய பூப்பக்க அச்சையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். இரண்டிலும் ஆண்டு இல்லை! அச்சகத்தில் பக்க எண்ணை மேலேயிருந்து கீழே மாற்றும் நாளில் இப்படி நடக்கும். பாதிப் புத்தகம் எண்ணே இல்லாமல் வந்து நிற்கும், யார் செய்தது என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது இரட்டைப் பதிவு. 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட்டில் ஒரு தொகுதிக்கு எழுத்தும் ஆண்டும் இரண்டு இரண்டாகத் தெரியும், லென்ஸே வேண்டாம். அது அச்சைத் தயாரிக்கும்போதே நேர்ந்த பிழை. அதனால் அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் ஒரே மாதிரி இருக்கும். இதைப் போலவே தோன்றும் இன்னொன்று, அடித்த கணத்தில் அச்சு தளர்ந்து லேசாக வழுக்கியதால் வருவது. பிரித்தறிவது எளிது. அச்சிலேயே இரட்டித்திருந்தால் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு, முனைகளில் பிளவு தெரியும். வழுக்கியிருந்தால் எழுத்தின் பக்கத்தில் தட்டையான ஒரு படி மாதிரி இருக்கும், எழுத்தும் மெலிந்திருக்கும். முதலாவதைத் தட்டில் வையுங்கள். இரண்டாவது ஏராளமாகக் கிடைக்கும், மனம் தளர வேண்டாம்.

அச்சகத்தை விட்டு வந்த பிறகு தாளில் விழுந்த மைக்கறை அச்சுப்பிழை ஆகாது. அதே மாதிரி, நாணயசாலையை விட்டு வந்த பிறகு சுத்தியலிலும் இடுக்கியிலும் மாட்டிய காசு பிழைக் காசு ஆகாது. இரண்டு பக்கமும் தலை உள்ள காசு கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன் விளிம்பின் உட்புறத்தை லென்ஸில் சுற்றிப் பாருங்கள். மயிரிழை போல ஒரு மூட்டு தெரிந்தால் அது வித்தை காட்டுபவர்களுக்காகச் செய்தது.

ஆனால் ஒரு வகைக் காயத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சீன வணிகர்கள் தங்கள் கைக்கு வந்த ஸ்பானிய வெள்ளி டாலரைச் சோதித்து, நல்லது என்றால் தங்கள் முத்திரையை அதில் குத்துவார்கள். பல கை மாறிய காசில் பத்துப் பன்னிரண்டு முத்திரைகள் இருக்கும். 1797ல் வெள்ளிக் காசு தட்டுப்பாடு வந்தபோது இங்கிலாந்து வங்கியும் அதே ஸ்பானிய டாலரின் மேல் மூன்றாம் ஜார்ஜின் சின்னத் தலையைக் குத்தி வெளியிட்டது. பெரிய ஸ்பானிய அரசரின் கழுத்தில் குட்டி ஆங்கில அரசர்! முத்திரை குத்திய காசைச் சேதமானது என்று தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். தள்ளட்டும். அந்தக் காசு எத்தனை பேர் கண்ணில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

அசல்தானா?

தனித்து நிற்கும் காசைத்தான் போலியும் செய்வார்கள். மூன்று சோதனைகள் வீட்டிலேயே செய்யலாம்.

முதலாவது காந்தம். வெள்ளியும் தங்கமும் செம்பும் ஒட்டாது. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943ல் அமெரிக்க ஒரு சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள், அது ஒட்டும். தவறுதலாக மிகச் சில வெண்கலத் தட்டுகளும் அந்த ஆண்டு அச்சுக்குள் போய்விட்டன. அதனால் எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்பது பழைய தந்திரம். காந்தம் வைத்தால் முடிந்தது கதை.

இரண்டாவது எடை. 0.01 கிராம் வரை காட்டும் தராசு போதும். மூன்றாவதுதான் சுவையானது. தராசில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துச் சுழியம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அதன் அடர்த்தி. என் தாலர் 28.07 கிராம் இருக்க வேண்டும், அதில் 83.3 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96. அந்தக் கலவைக்குக் கணக்குப்படி 10.2 வர வேண்டும். தொங்கவிட்டபோது தராசு 2.75 காட்டியது. 28.07ஐ 2.75ஆல் வகுத்துப் பாருங்கள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு காசை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பச்சைப் பொடி உதிரும் செம்பு, வெண்கலக் காசுகளைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

தேய்க்காதீர்கள் என்று சொன்னேன் அல்லவா

சேகரிக்க ஆரம்பித்த இரண்டாவது வருடம் எனக்கு ஒரு வெள்ளிக் காசு கிடைத்தது. ஓரங்களில் மஞ்சள், உள்ளே ஊதா, நீலம் என்று நிறம் ஏறியிருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். பல்பொடி போட்டு நன்றாகத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் எவர்சில்வர் கரண்டி மாதிரி ஆகிவிட்டது. காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியில் மெல்லிய படலமாகப் படிந்து, அந்தப் படலத்தின் தடிமனுக்கு ஏற்றபடி நிறம் காட்டுகிறது என்று பின்னால்தான் தெரிந்தது. அப்படி ஒன்று இயல்பாக உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். சாய்த்துப் பார்த்தால் இப்போது ஒளி சுற்றுவதில்லை. ஆயிரம் கோடுகள் ஆயிரம் பக்கம் மின்னுகின்றன.

இன்னொரு தவறு, காசுகளை மிருதுவான பிவிசி உறைகளில் போட்டு வைத்தது. சில வருடங்களில் உறை வியர்த்து, பிசுபிசுப்பான பச்சைப் படலம் காசில் ஒட்டியது. பாலியெஸ்டர் உறை, அமிலம் இல்லாத அட்டை, காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், இவை போதும்.

பக்கத்தில் யார்?

கடைசியாக ஒன்று. தனித்து நிற்கும் காசு தனியாக இருந்தால் நிற்காது. என்னிடம் சுவிட்சர்லாந்தின் அரை பிராங்க் காசுகள் இரண்டு உள்ளன. நிற்கும் ஹெல்வெட்டியா (அந்த நாட்டைப் பெண்ணாக உருவகித்தது) உருவம், சுற்றிலும் நட்சத்திரங்கள், இரண்டும் அசப்பில் ஒன்றுதான். பழையதில் நட்சத்திரம் 22. 1983லிருந்து 23. நாட்டில் 1979ல் ஜூரா என்ற புதிய மாநிலம் பிறந்தது. அதற்காக ஒரு நட்சத்திரம். தனியாகக் காட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து "என்ன வித்தியாசம், சொல்லு" என்று லென்ஸைக் கையில் கொடுத்தால் அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். அதனால் தட்டில் வைக்கும் ஒவ்வொரு முக்கியமான காசுக்கும் பக்கத்தில் அதன் சாதாரண உடன்பிறப்பு ஒன்றை வையுங்கள். ஆண்டில்லாத 20 பென்ஸுக்கு ஆண்டுள்ள 20 பென்ஸ். எட்வர்ட் பெயருக்குப் பக்கத்தில் ஆறாம் ஜார்ஜ் பெயருள்ள அதே ஓட்டைக் காசு.

சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை உறைக்குள் கசியும். எங்கிருந்து வந்தது, எந்த நாள், எடை எவ்வளவு என்பதைச் சீட்டின் பின்பக்கம் குறியுங்கள். வருடத்துக்கு ஒரு முறை தட்டை முழுவதும் கலைத்து மறுபடி தேர்ந்தெடுங்கள். என் தட்டில் போன வருடம் ஒன்பது இருந்தன, இந்த வருடம் ஏழு.

அந்த ஏழில் பல்பொடி போட்ட காசும் ஒன்று. பக்கத்தில் அதே வகையில் தேய்க்காத காசு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். இதன் சீட்டை மட்டும் நான் எழுதவில்லை. பையன் எழுதியிருக்கிறான், மூன்றாவது வரி எழுத்துப்பிழையோடு: "தாத்தா பல்லு வெளக்கி விட்ட காசு."